பங்காளிச் சண்டைக் கேஸை ராஜியாக முடிக்க மதுரை வரைக்கும் போக வேண்டுமா?

கண்மாய்க்கரை:
சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம். 2022 தை மாதம் மடைத் தண்ணீர் முறை வைப்பதில் சித்தப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு முற்றி, கைகலப்பாகி, என் அண்ணனுக்கு மண்வெட்டிக் கணையால் முழங்கையில் அடி விழுந்து ஆறு தையல் போட்டார்கள். நாங்களும் சும்மா நிற்கவில்லை, சித்தப்பாவுக்கு உதடு கிழிந்தது, ஒரு பல்லும் ஆடிப்போனது. இரண்டு பக்கமும் ஸ்டேஷனுக்குப் போனோம், இரண்டு எஃப்.ஐ.ஆர், கேஸும் கவுண்டர் கேஸும். இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 294(பி), 323, 324, 506(2). அதற்கப்புறம் மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வாய்தா. ஒரே கோர்ட் வாசலில் இந்த வேப்பமரத்தடியில் அவர்களும் அந்த டீக்கடையில் நாங்களும் முகம் பார்க்காமல் நின்றிருக்கிறோம்.

போன மாசியில் அப்பத்தா இறந்துவிட்டது. பாடையை ஒரு பக்கம் என் அண்ணனும் மறுபக்கம் அவனை அடித்த அதே சித்தப்பா மகன் தம்பியும் தூக்கினார்கள், யாரும் சொல்லிச் செய்யவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்து சித்தப்பாவே வாய் திறந்து, இந்தக் கேஸ் எழவை முடிச்சுவிடுவோம்டா என்றார். சரி என்று அடுத்த வாய்தாவில் இரு தரப்பும் ஒன்றாகப் போய் மாஜிஸ்திரேட்டிடம் சமாதானம் ஆகிவிட்டோம் என்று சொன்னால், 294(பி)யும் 324ம் இருக்கிறது, என்னால் ராஜி பதிய முடியாது, உயர் நீதிமன்றம் போங்கள் என்கிறார். வெளியே வந்ததும் ஒருவர், அதெல்லாம் எதற்கு அலைச்சல், சாட்சி சொல்லும்போது யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், தானாக விடுதலை ஆகிவிடும் என்கிறார். என் அண்ணன் மாட்டேன் என்கிறான். அடித்தது அவன்தான், அதை நான் மன்னித்துவிட்டேன், அடிக்கவில்லை என்று கூண்டில் ஏறி எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒத்தக்கடை வக்கீல்:
உங்கள் அண்ணன் சொல்வது சரி. அந்த யோசனை சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் ஏன் மாஜிஸ்திரேட் முடியாது என்றார் என்பதைச் சொல்கிறேன். குற்றம் என்பது அடிபட்டவருக்கு எதிராக மட்டும் நடப்பதில்லை, அரசுக்கும் ஊருக்கும் எதிராக நடப்பது என்பதுதான் நம் குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. அதனால்தான் வழக்கை நடத்துவது போலீஸ், நீங்கள் வெறும் சாட்சி. எந்தெந்தக் குற்றங்களை அடிபட்டவர் தானே ராஜியாக முடித்துக்கொள்ளலாம், எதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320ஆவது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 359ஆவது பிரிவு. சாதாரணக் காயமான 323 அந்தப் பட்டியலில் உண்டு. பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசிய 294(பி) கிடையாது. ஆயுதத்தால் காயம் உண்டாக்கிய 324 முன்பு இருந்தது, பிறகு திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இல்லாததை மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் நீதிபதியோ தொட முடியாது.

உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறது, பழைய 482, புதிய 528. நீதி கிடைப்பதற்காகவும் நீதிமன்ற நடைமுறை தவறாகப் பயன்படாமல் இருப்பதற்காகவும் எந்த உத்தரவும் போடலாம். பட்டியலில் இல்லாத குற்றமாக இருந்தாலும் இந்த அதிகாரத்தில் ரத்து செய்யலாமா என்ற கேள்வி பல வருஷம் இழுத்து, 2012 செப்டம்பரில் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்த்துவைத்தார்கள். தனிப்பட்ட தகராறு, குடும்பத் தகராறு, பணம், வியாபாரம், சொத்து சம்பந்தப்பட்டது என்றால் ரத்து செய்யலாம்; கொலை, பாலியல் வன்புணர்வு, கொள்ளை, ஊழல் போன்றவற்றைச் சமரசம் என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்யக் கூடாது. உங்களுடையது முதல் வகை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கிரிமினல் ஓ.பி., அதாவது ரத்து கேட்கும் மனு போட்டு, கூட்டு சமரச மனுவும் இரு தரப்புப் பிரமாணப் பத்திரமும் ஆதார் நகலும் வைத்து, எல்லோரும் நேரில் வந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். கேஸ், கவுண்டர் இரண்டுக்கும் தனித்தனி மனு போட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

காக்கி ஓய்வு:
முப்பது வருஷம் ஸ்டேஷனில் இருந்தவன். தம்பி கண்மாய்க்கரை, 324ஓடு சேர்ந்து உங்களைப் பிடித்துவைத்திருப்பது அந்த 294(பி) தான். நம்மூரில் எந்த அடிதடிப் புகார் எழுதினாலும் “அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கைகளால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டி” என்ற வரி கையோடு வந்துவிடும். 294(பி), 323, 506. எழுதுகிற ரைட்டருக்கும் அது பழக்கம், புகார் கொடுப்பவருக்கும் அப்படி எழுதினால்தான் கேஸ் நிற்கும் என்ற நம்பிக்கை. நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியால் உள்ளூரில் முடிய வேண்டிய சண்டை மதுரைக்கும் சென்னைக்கும் போகிறது என்று பதவியில் இருந்தபோது நான் யோசித்ததே இல்லை, இப்போது வருத்தமாக இருக்கிறது. பெண்கள் சம்பந்தப்பட்டிருந்தால் 1998ஆம் வருஷத்து பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம் நான்காவது பிரிவும் சேர்ந்துவிடும், அதுவும் கீழ்க்கோர்ட்டில் ராஜி ஆகாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். எதிரி பட்டியலில் இருக்கிற உங்கள் சித்தப்பா மகன்களில் யாராவது போலீஸ் வேலைக்குப் படிக்கிறார்களா? படித்தால் பிறழ் சாட்சி வழியில், அதாவது யார் அடித்தார்கள் என்று தெரியாது என்று சாட்சியை மாற்றிச் சொல்கிற வழியில், போகவே போகாதீர்கள். தமிழ்நாடு போலீஸ் சார்நிலைப் பணி விதிகளில் தெளிவாக இருக்கிறது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை ஆனாலும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலை ஆனாலும், அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். உடல் தகுதி, எழுத்துத் தேர்வு எல்லாம் பாஸ் செய்துவிட்டு நடத்தை விசாரணையில் நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அப்பனும் ஆத்தாளும் ஸ்டேஷன் வாசலில் அழுவார்கள்.

கண்மாய்க்கரை:
ஐயா, சின்னத் தம்பி சீருடைப் பணியாளர் தேர்வுக்குத்தான் இரண்டு வருஷமாகப் படிக்கிறான். எங்கள் கேஸில் அவன்தான் ஏ3, மூன்றாவது எதிரி. சண்டை நடந்தபோது அவன் விலக்கிவிட வந்தவன், கோபத்தில் நாங்கள்தான் அவன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தோம். மதுரையில் ரத்தாகிவிட்டால் அவனுக்குப் பிரச்சினை இருக்காதா?

ஒத்தக்கடை வக்கீல்:
இருக்கவே இருக்காது என்று நான் எழுதித் தர மாட்டேன், அதைத் தேர்வு செய்யும் அதிகாரிதான் பார்க்க வேண்டும். ஆனால் பிறழ் சாட்சி விடுதலையைவிட அவன் நிலைமை வலுவாக இருக்கும். விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததையும் ரத்தானதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விரிவாகப் பேசியது, மறைத்தால் அந்த மறைப்பே தனியாகக் கழுத்தைப் பிடிக்கும். உத்தரவில் அவன் விலக்கிவிட வந்தவன் என்று உங்கள் அண்ணன் சொன்னதும் பதிவானால் நல்லது, பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடம்:
எல்லாம் நல்ல செய்தியாக இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் நான் வேறொன்று சொல்ல வேண்டும், இந்த இழை இப்படியே போனால் ராஜி என்றாலே நல்லது என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நீங்கள் இருவரும் பங்காளிகள். ஒரே தாத்தா சொத்து, அவருக்கும் நிலம், உங்களுக்கும் நிலம். சித்தப்பா சமாதானம் பேசியபோது உங்கள் அண்ணன் முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் இரண்டு வருஷம் வாய்தா, அவ்வளவுதான். எங்கள் கதை அப்படி இல்லை. எங்கள் தெருவில் ஒருவரை மேலத்தெருக்காரர்கள் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, டீக்கடை முன்னால் வைத்து அடித்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் தெரு ஆட்களுக்கு நடவு வேலை இல்லை. கடன் வாங்கியிருந்தவர்களிடம் முழுப் பணத்தையும் உடனே கேட்டார்கள். எங்கள் தெரு ஆடு அவர்கள் வரப்பில் ஏறக் கூடாது என்றார்கள். யாரும் கத்தி காட்டவில்லை, ஒரு மிரட்டல் வார்த்தை கிடையாது, அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள். நாலாம் மாதம் அடிபட்டவரே கையெழுத்துப் போட்டார். எங்கள் தெருவே அவரைப் போடச் சொன்னது, என் அப்பாவும் சொன்னார். கோர்ட்டில் யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டபோது இல்லை ஐயா என்றார். அது பொய்யில்லை, மேலத்தெருவில் யாரும் வற்புறுத்தவில்லைதானே.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒத்தக்கடை வக்கீல்:
கொள்ளிடம் சொல்வதை மறுக்க மாட்டேன். சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். வன்கொடுமை வழக்குகளில் ரத்து செய்யவே முடியாது என்று இல்லை. 2021 அக்டோபரில் ராமாவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒன்றை முடித்துவைத்தது. அது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் இடத் தகராறு, 1994இல் நடந்தது, சாதியின் பேரால் நடந்ததைவிடச் சொத்துச் சண்டைதான் அடிப்படை என்று நீதிமன்றம் பார்த்தது. ஆனால் அதே தீர்ப்பிலேயே, இந்தச் சட்டம் எதற்காக வந்ததோ அதைக் குலைக்கும் சமரசத்தை ஏற்கக் கூடாது, பாதிக்கப்பட்டவர் பயத்திலோ கட்டாயத்திலோ ஒப்புக்கொண்டாரா என்று கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நடைமுறையில் அந்தக் கவனம் எவ்வளவு கிடைக்கிறது என்பது வழக்கைக் கேட்கிற நீதிபதியைப் பொறுத்தது.

கொள்ளிடம்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். “வற்புறுத்தினார்களா” என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? வழக்குப் போட்ட பிறகு உங்கள் ஊரில் வேலை கிடைக்கிறதா, பிள்ளைகள் எப்போதும் போகிற வழியில் பள்ளிக்கூடம் போகிறார்களா, யாரிடம் எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விக்குப் பதில் வந்தால் போதும், அந்தச் சமரசம் எப்படி வந்தது என்று தெரிந்துவிடும்.

தறிச்சத்தம்:
இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். என் அக்கா வழக்கு 498ஏ, வரதட்சணைக் கொடுமை. ஐந்து வருஷம் ஆனது. பேச்சுவார்த்தையில் நகையைத் திருப்பிக் கொடுத்து, ஒரு தொகையும் கொடுத்து, பரஸ்பர சம்மத விவாகரத்து, அப்புறம் 498ஏ வழக்கை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்வது என்று முடிவானது. சிலர் இதைக் காசு வாங்கிக்கொண்டு கேஸை விட்டுவிட்டாள் என்று பேசினார்கள், எங்கள் சொந்தத்திலேயே பேசினார்கள். அவள் சீதனமாகக் கொண்டுபோன நகை அவளுடையது. அந்த வீட்டில் அவள் இழந்த வருஷங்களுக்கு யாரும் விலை போடவில்லை. தீர்ப்பு வந்து அவன் ஜெயிலுக்குப் போவதைப் பார்க்க இன்னும் ஏழெட்டு வருஷம் காத்திருந்தால் அவளுக்கு நாற்பது வயதாகியிருக்கும். இப்போது அவள் திருப்பூரில் வேலை பார்க்கிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள். அதனால் ராஜி என்றாலே தோல்வி என்று சொல்லாதீர்கள்.

ஆனால் ஒன்று, இதைப் படிக்கிற பெண்கள் கவனிக்க வேண்டும். பாக்கித் தொகை வருவதற்கு முன்னால் ரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களிடம் கடைசித் தவணையை அப்புறம் தருகிறோம், முதலில் கேஸை முடித்துக்கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். எங்கள் வக்கீலம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. ரத்து உத்தரவு அன்றைக்கு நீதிமன்றத்தில் வைத்து டி.டி. கைக்கு வந்த பிறகுதான் அக்கா தலையாட்டினாள்.

ஒத்தக்கடை வக்கீல்:
அந்த வக்கீலம்மாவுக்கு வணக்கம். 498ஏ வழக்கைச் சமரசத்தால் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே பி.எஸ்.ஜோஷி வழக்கில் சொல்லிவிட்டது, கணவனும் மனைவியும் பிரிந்து அவரவர் வாழ்க்கையைத் தொடங்கத் தயாராக இருக்கும்போது வழக்கு குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக.

வேம்பு:
பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், முடிந்தது என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. செந்தில் பாலாஜி போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்த காலத்தில் போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட வழக்கு. பணம் கொடுத்தவர்களுக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் சமரசம் ஆகிவிட்டது என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதில் ஒரு வழக்கை ரத்து செய்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து வழக்கை உயிர்ப்பித்தது. மேல்முறையீடு செய்தவர்களில் வேலை கிடைக்காமல் போன ஒரு விண்ணப்பதாரரும் இருந்தார். எனக்கு அதில் பிடித்தது அதுதான். பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் கை குலுக்கிவிட்டார்கள், சரி. பணம் கொடுக்க வழியில்லாமல் மார்க்கை மட்டும் நம்பித் தேர்வு எழுதியவனிடம் யார் சமரசம் பேசினார்கள்?

கொள்ளிடம் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று. 2015 ஜூனில், சிறுமியாக இருந்தபோது வன்புணர்வுக்கு ஆளாகி ஒரு குழந்தைக்கும் தாயாகிவிட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக, தண்டிக்கப்பட்டவனுக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் பேச மாட்டேன் என்றார். அடுத்த மாதமே மதன்லால் என்ற மத்தியப் பிரதேச வழக்கில், வன்புணர்வு வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னதும் இங்கே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு ஆதரவாகப் பேச அன்றைக்கு வீட்டில் பெரிய ஆட்கள் யாரும் இல்லை. தானே மறுத்தார். அவர் மறுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

காக்கி ஓய்வு:
சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தில் வேறு மாதிரியும் வரும் அம்மா. பதினேழு வயதுப் பிள்ளையும் இருபது வயதுப் பையனும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், பெற்றவர்கள் புகார் கொடுப்பார்கள், பையன் ஜெயிலுக்குப் போவான். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் கல்யாணம் முடித்து இடுப்பில் குழந்தையோடு கோர்ட்டுக்கு வருவார்கள். அதையும் இதையும் ஒன்றாக வைக்க முடியுமா?

வேம்பு:
வைக்க முடியாது ஐயா, ஒத்துக்கொள்கிறேன். 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த மாதிரி ஒரு வழக்கைத்தான் ரத்து செய்தார். வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பதற்காக போக்சோ வரவில்லை என்றார். 2022 மே மாதம் தண்டபாணி வழக்கில், சகோதரி மகளையே பின்னால் மணந்துகொண்ட தாய்மாமனுக்குக் கொடுத்த பத்து வருஷத் தண்டனையை உச்ச நீதிமன்றமே விலக்கியது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, தாய்மாமன் முறை என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் அதிலும் ஒரு காரியம் செய்தார்கள், மாவட்ட நீதிபதியைக் கொண்டு அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். அவள் வாயிலிருந்து கேட்டார்கள்.

அப்படிக் கேட்காத வழக்கும் இருக்கிறது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீது மாணவியிடம் தவறாக நடந்ததாகப் புகார். தகப்பன் முத்திரைத் தாளில் எழுதிக்கொடுத்தார், தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று. உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சொந்தக்காரர்கள்கூட இல்லை, அதே ஊர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2024 நவம்பரில் வழக்கு திரும்ப உயிர் பெற்றது. குழந்தைக்காகத் தகப்பன் மன்னிக்க முடியுமா? முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது, அந்தத் தகப்பன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஒத்தக்கடை வக்கீல்:
கொலை முயற்சி வழக்கிலும் இதே மாதிரிப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 2014 நரீந்தர் சிங் வழக்கு. எஃப்.ஐ.ஆரில் 307 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதே, எந்த ஆயுதம், உடம்பில் எங்கே அடி, மருத்துவச் சான்று என்ன, சமரசம் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார் என்று. விசாரணை தொடங்கும் முன்பே வந்தால் தாராளமாகப் பார்க்கலாம், சாட்சி எல்லாம் முடிந்து தீர்ப்புக்கு நிற்கும்போது வந்தால் பொதுவாக விலகி நிற்க வேண்டும். இதை எழுதும்போதே தோன்றுகிறது, யார் யாரோடு சமரசம் செய்கிறார்கள் என்பதையும் அந்த வரிசையில் தனியாகச் சேர்த்திருக்கலாம். கொள்ளிடம், உங்கள் மூன்று கேள்விகளைக் குறித்துவைத்துக்கொண்டேன். சமரச மனு கொண்டு வருகிற கட்சிக்காரர்களிடம் இனி நானே முதலில் கேட்பேன்.

கண்மாய்க்கரை:
ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எங்களுடையது முடிந்தது. ஒரே வேன் பிடித்து இரண்டு வீட்டு ஆட்களும் ஒன்றாகப் போனோம், மேலூரில் இட்லி சாப்பிட்டோம், சித்தப்பா யாரையும் காசு கொடுக்க விடவில்லை. எங்கள் ஸ்டேஷன் எஸ்.ஐ.யும் வந்து இவர்கள்தான் அவர்கள் என்று அடையாளம் சொன்னார். நீதிபதி என் அண்ணனிடம் கையைக் காட்டச் சொன்னார். தழும்பைப் பார்த்துவிட்டு, யார் அடித்தது என்று கேட்டார். இவன்தான் ஐயா என்று பக்கத்தில் நின்ற தம்பியைக் காட்டினான். இப்போது என்ன வேண்டும் என்றார். கேஸ் வேண்டாம், தண்ணீர் முறையை எழுதி வைத்துக்கொண்டோம், திங்கள், செவ்வாய், புதன் எங்களுக்கு, மற்ற நாள் அவர்களுக்கு என்றான். அவர்களுக்கு ஒரு நாள் கூட இருக்கிறதே என்றார். அவர்களுக்கு இரண்டு குறுக்கம் நிலம் அதிகம் ஐயா என்றான். சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இரு தரப்பும் ஒரு தொகை கட்டச் சொல்லி இரண்டு வழக்கையும் ரத்து செய்தார். சின்னத் தம்பியைப் பற்றிய வரியும் உத்தரவில் வந்திருக்கிறது. பொய் சொல்லாமல் முடிந்ததில் அண்ணனுக்கு அவ்வளவு நிம்மதி.

கொள்ளிடத்துக்காக ஒன்று எழுத வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றது, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கலாம். சம்மதமா என்று கேட்டதற்கு அந்தப் பெண் வாய் திறக்கும் முன்பே அண்ணன் போல் இருந்த ஒருவர் சம்மதம்தான் ஐயா என்றார். இரண்டாம் தடவை கேட்டபோதும் அவரே சொன்னார். அந்தப் பெண் அவரைத்தான் பார்த்தது.

கொள்ளிடம்:
அப்புறம் அந்த வழக்கு?

கண்மாய்க்கரை:
முடிக்கவில்லை. இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். சமரச மையத்தில் ஒரு பெண் வக்கீல் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும், அடுத்த தடவை அண்ணன் இல்லாமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வராண்டாவில் அந்த அண்ணன் கோபமாக யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தூணோரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடித்து முடித்தது.